சொன்னவாதான் தேடணும்

எங்கள் துறையின் வரலாற்றை எழுதித் தரும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் வளிமண்டலத்தையும் விண்வெளியையும் ஆராய்வதற்கென்று இருக்கும் சின்னத் துறை அது. விழா மலர் போடுகிறார்களாம். நான்கு பக்கம், அதற்கு மேல் ஒரு வரி கூடாது என்றார்கள். எழுதினேன். இயற்பியல் துறையின் ஒரு மூலையில் இரும்பு அலமாரி ஒன்றைக் குறுக்கே நிறுத்தி, அலமாரிக்கு இந்தப் பக்கம் இனிமேல் தனித்துறை என்று அறிவித்ததில் ஆரம்பித்து, இன்றைய ரேடார் வரை ஒழுங்காகத்தான் எழுதிக் கொடுத்தேன். மலர்க் குழு, ஓர் அம்மாளைப் பற்றிய ஒரே ஒரு பத்தியைப் பென்சிலால் அடித்துத் திருப்பி அனுப்பியது. ஓரத்தில் ‘தேவையா?’ என்று ஒரு கேள்வி.

தேவையாவாம்! அந்த அம்மாள் இல்லாவிட்டால் துறையே இல்லை. அலமாரி மறுபடி சுவரோரம் போயிருக்கும், இயற்பியல்காரர்கள் எங்கள் இடத்தில் கேரம் போர்டு போட்டிருப்பார்கள். எனக்கு வந்த எரிச்சலில் அந்த ஒரு பத்தியை இங்கே இழுத்து எழுதுகிறேன். எத்தனை பக்கம் போனாலும் கேட்பதற்கு ஆள் கிடையாது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. அது அவருக்கே பிடிக்காது. துறையில் டெக்னிகல் அசிஸ்டன்ட். கரமனை அக்ரகாரத்தில் வீடு. குள்ளமான உருவம், பெரிய கறுப்புக் குடை, வெயிலோ மழையோ காலில் ரப்பர் செருப்பு. நான் நாகர்கோவிலிலிருந்து ஆராய்ச்சி மாணவனாக வந்து சேர்ந்த அன்று அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், “மேடம்” என்றேன்.

“மேடமாவது! ஆபீஸ்ல எல்லாரும் சேச்சின்னு கூப்பிடுவா. கரமனைக்கு வந்தியானா மாமின்னு கூப்பிடு. மொட்டைமாடில ஒண்ணும் கூப்பிடாதே, கயித்தைப் பிடி.”

கயிறு என்றது பலூன் கயிறு. எங்கள் துறையின் மூலதனமே அந்த மொட்டைமாடிதான். ஆளுயரத்துக்கு ஊதிய வெள்ளை பலூன், அதன் கீழே ஒரு குட்டிப் பாராசூட், அதற்கும் கீழே தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு கருவி. மேலே போகப் போக வெப்பம், ஈரம், அழுத்தம், இருக்கும் இடம் எல்லாவற்றையும் அது ரேடியோவில் கீழே சொல்லிக்கொண்டே போகும். ரொம்ப உயரத்தில் பலூன் வெடிக்கும். பெட்டி பாராசூட்டில் தொங்கியபடி எங்கேயாவது விழும். அதற்குள் நமக்கு வேண்டியதெல்லாம் வந்துவிட்டிருக்கும். விழுந்த பெட்டி யாருக்கும் வேண்டாம். உலகம் பூராவும் இப்படித்தான், விட்டோம், மறந்தோம்.

சேச்சி மட்டும் மறக்கமாட்டார். கயிற்றை விடும்போது கையை உயர்த்தி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சொல்வது போல, “போயிட்டு வா” என்பார். சொன்னால் சொன்னதுதான். வரவில்லை என்றால் தேடிப் போவார்.

இது எனக்குத் தெரியாது. முதல் வாரம் என்னைக் கயிற்றை விடச் சொன்னார்கள். வாழ்க்கையில் முதல் பலூன். சந்தோஷம் தாங்காமல், “போ! போ! போ!” என்று கத்தினேன்.

“நிறுத்து!” என்று ஒரு சத்தம். நல்லவேளை, கயிறு இன்னும் கையில்தான் இருந்தது. சேச்சி என் முன்னால் வந்து நின்றார். “வீட்டை விட்டுக் கிளம்பறவாளைப் பாத்துப் போ போன்னு சொல்லுவாளா? உங்க ஊர்ல அப்படியாக்கும் வழக்கம்? திருப்பிச் சொல்லு.”

“போயிட்டு வா” என்றேன், அசடு வழிய. பலூன் துள்ளிக்கொண்டு கிளம்பியது. பின்னால் நின்ற மற்ற மூன்று மாணவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் யாரும் அந்த வார்த்தையை வாயைத் திறந்து சொன்னதே கிடையாதாம். ஏன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

“சொன்னவாதான் தேடணும்” என்றார் சேச்சி, பெட்டியின் ரேடியோ நின்றதும். “பதினொண்ணரைக்குக் கிழக்கேகோட்டைலேர்ந்து வித்துராவுக்கு பஸ் இருக்கு. வா.”

பெட்டி கடைசியாகக் குரல் கொடுத்த இடம் வித்துராவுக்குப் பக்கம். அதற்குப் பிறகு பொன்முடி மலை மறைத்துவிட்டது. சேச்சி தனியாக விட்டுவிடுவார் என்று பயந்தேன். இல்லை, முதல் தடவை என்பதால் துணைக்கு வந்தார். வழியெல்லாம் எந்த மாதத்துக் காற்று பெட்டியை மலைக்குக் கொண்டுபோகும், எந்த மாதத்துக் காற்று கடலில் தள்ளும் என்று கண்டக்டருக்குப் பாடம். கடலில் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கண்டக்டர் கேட்டார். “மீன்காரா கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்” என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தேன். பிறகு தெரிந்தது, நிஜமாகவே சொல்லி வைத்திருந்தார்.

வித்துரா சந்தையில் இறங்கினால் ஒரு பலாமரத்தைச் சுற்றி ஊரே நிற்கிறது. மேல்கிளையில் எங்கள் பெட்டி. கீழே ஒரு போலீஸ்காரர் கையை விரித்துக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். சேச்சி குடையால் வழி பண்ணிக்கொண்டு உள்ளே போனார்.

“அம்மே, அடுத்துப் போகாதீங்க! பொட்டும், வெடிக்கும்!” என்று அலறினார் போலீஸ்காரர்.

“பொட்ட வேண்டியது மேலேயே பொட்டியாச்சு, மோனே. இது என் பெட்டியாக்கும்.” என் பக்கம் திரும்பினார். “ஏறு.”

“நானா?”

“பின்னே? மரத்துல தொங்கறது தானா இறங்காது. பாத்தா உடனே இறக்கணும். பாவம், எத்தனை உசரம் போயிட்டு வந்திருக்கு!”

ஏறினேன். என் பின்பக்கத்தை ஊரே பார்த்தது. பாராசூட்டைக் கிளையிலிருந்து எடுத்தபோது கைதட்டினார்கள். போலீஸ்காரர் தன் தொப்பியைக் கழற்றி அதில் பெட்டியை வாங்கிக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில் சேச்சி ஜன்னலோர இடத்தை எனக்குத் தரவில்லை, பெட்டிக்குக் கொடுத்தார். மேலே இருந்து பார்த்ததைக் கீழே இருந்தும் பார்க்கட்டுமாம். நான் நடுவில் நசுங்கினேன்.

அந்த வாரமே எல்லாப் பெட்டிக்கும் ஒரு லேபிள் வந்தது. மலையாளத்திலும் தமிழிலும் அவரே எழுதியது. ‘இது வெடிக்காது. மேலே போய்க் காற்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. கண்டெடுத்தவர்கள் கீழே உள்ள எண்ணில் கூப்பிடவும், அல்லது ஒரு வரி எழுதவும். நாங்கள் வருகிறோம்.’ துறையின் விலாசம், அவருடைய போன் எண். யார் பெயரும் கிடையாது. உங்கள் பெயரைப் போடலாமே என்று கேட்டேன். “அது எங்கேர்ந்து போச்சுன்னு தெரிஞ்சாப் போறும். யார் அனுப்பினான்னு என்னத்துக்கு?” என்றார்.

பெரும்பாலான பெட்டிகள் கிடைக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கடிதங்கள் வந்தன. ஆடு மென்றுவிட்டது, மன்னிக்கவும் என்று ஒன்று. கிணற்றில் கிடந்தது, எடுத்து வெயிலில் காயவைத்திருக்கிறோம் என்று ஒன்று. மலைக்கு அந்தப் பக்கம், அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் தன் வயலில் விழுந்ததற்கு நன்றி சொல்லி எழுதியிருந்தார். எதற்கு நன்றி என்று யாருக்கும் புரியவில்லை. எல்லாவற்றையும் சேச்சி, பழைய கருவி ஒன்று வந்திறங்கிய மரப்பெட்டியில் போட்டு வைத்தார். யார் எழுதினாலும் பதில் போடுவார். முடிந்தால் நேரிலேயே போய்விடுவார்.

இப்போது என் அவமானக் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அடுத்தது சொல்ல முடியாது.

ஒன்றரை வருஷம் போனபின் நான் ஒரு கண்டுபிடிப்பு செய்தேன். தரையை ஒட்டி, மெல்லியதாக, அளவுக்கு மீறிய ஈரம் கொண்ட ஒரு காற்றடுக்கு. அதிசயம் என்னவென்றால், அது செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டும் தெரிந்தது. மற்ற நாட்களில் சுவடே இல்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. கடற்காற்றா, நகரத்துப் போக்குவரத்தா, கிழமையோடு வானத்துக்கு என்ன உறவு என்று பக்கம் பக்கமாக எழுதினேன். வெளியூர் விஞ்ஞானிகள் வந்திருந்த கருத்தரங்கில் வண்ண வண்ணப் படம் போட்டுப் பேசினேன். முன்வரிசையில் ஒருவர் “பலே” என்றார். துறைத்தலைவர் பெருமையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைசி வரிசையில் ஒரு குடை உயர்ந்தது.

“ஒரு சம்சயம்” என்றார் சேச்சி. “செவ்வாயும் வெள்ளியும் கீழே காண்டீன்ல புட்டு அவிக்கறா. ஆவி நேரா அந்தக் கைப்பிடிச் சுவர் கிட்டதான் வரது. நீ கருவியை அங்கேதானே வெச்சு சரிபாக்கறாய்?”

அந்தக் கூடம் இடிந்துவிழும்படி சிரிப்பு. “பலே” என்றவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புட்டு ஆவியில் நனைந்த கருவி, காய்ந்து முடிகிற வரைக்கும் ஈரம் ஈரம் என்று சொல்லிக்கொண்டே மேலே போயிருக்கிறது. நான் வானத்தில் கண்டுபிடித்தது காண்டீன் புட்டு. அடுத்த நாள் காண்டீன்காரர் என்னைப் பார்த்து, “சாரே, இன்னு ஈரமுண்டோ?” என்று கேட்டார். கடலைக் கறியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்று செத்துவிடலாம் போல இருந்தது. வீட்டு நச்சரிப்புக்காக எழுதிய வங்கித் தேர்வில் ஏற்கெனவே தேறியிருந்தேன், நாகர்கோவிலிலேயே வேலை. விலகல் கடிதத்தை உறையில் போட்டுத் துறைத்தலைவர் மேசையில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சேச்சியிடம் சொல்லவே இல்லை. அவர் மேல் அவ்வளவு கோபம்.

நான் போய் மூன்று வாரத்தில் துறைக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. குறைந்தது நான்கு ஆராய்ச்சி மாணவர்கள் இல்லாத துறைகளைத் தாய்த்துறையோடு சேர்த்துவிடுவது என்று பல்கலைக்கழகம் முடிவு செய்திருக்கிறது. விசாரிக்க மூன்று பேர் குழு வரும். தேதியும் போட்டிருந்தது. எங்கள் துறையில் இருந்தது நாலு பேர், அதில் நான் போய்விட்டேன். இயற்பியல்காரர்கள் அலமாரியை அளந்துகொண்டு போனார்களாம். துறைத்தலைவர் தலையில் கைவைத்து, “மூணு பேரே உள்ளூ, மூணு பேரே உள்ளூ” என்று தாழ்வாரத்தில் நடந்ததாகச் சொன்னார்கள். துறை போனால் மொட்டைமாடியும் போகும். ஜெனரேட்டர் வைக்க அந்த இடத்தை ஏற்கெனவே கேட்டிருந்தார்கள்.

எனக்கு இதொன்றும் தெரியாது. நாகர்கோவிலில் பாஸ்புக் அச்சடிக்கும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டேன். கவுண்டரின் மேல் முதலில் ஒரு கறுப்புக் குடை வந்து படுத்தது. அதற்குப் பின்னால் சேச்சியின் முகம். ஒழுங்காக டோக்கன் எடுத்து, வரிசையில் காத்திருந்து வந்திருக்கிறார்.

பாஸ்புக்குக்குப் பதில் ஒரு லேபிளை என் முன்னால் நீட்டினார். ‘இது வெடிக்காது’ என்று ஆரம்பிக்கும் அதே லேபிள்.

“கரமனைலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். கண்டெடுத்தாச்சு. கிளம்பு.”

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. “நான் சொல்லிட்டா வந்தேன்? போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லாமப் போனவன எதுக்குத் தேடுதிய?”

“நீ சொல்லலை. நான் சொன்னேன்” என்றார். “நீ பையைத் தூக்கிண்டு கேட்டைத் தாண்டினபோது மொட்டைமாடிலேர்ந்து சொன்னேன். உன் காதுல விழலை. பலூனுக்கு மட்டும் விழறதா என்ன?”

வரிசையில் இருந்தவர்கள் பாஸ்புக்கை மறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேச்சி குழு வருவதைச் சொன்னார், நாலாவது ஆள் வேண்டும் என்பதைச் சொன்னார். உன் விலகல் கடிதத்தைத் தலைவர் இன்னும் பிரிக்கவில்லை, பேப்பர்வெயிட்டுக்கு அடியில் இருக்கிறது, பிரிக்கப் பயம் என்றும் சொன்னார்.

“தலை எண்ண வாரணுமா நான்?” என்றேன்.

“தலை எண்ண ஆள் வேணும்னா காண்டீன்காரனை உக்கார வெச்சிருப்பேனே!” பையிலிருந்து ஒரு கத்தை காகிதத்தை எடுத்தார். “இதைப் பாரு. செவ்வாய், வெள்ளி போக மத்த நாள்ல நீ அளந்ததெல்லாம் சுத்தம். அது ஒண்ணு. நனைஞ்ச கருவி மேலே போறச்சே எத்தனை நேரத்துல காயறதுன்னு இத்தனை தடவை அளந்தவா யாராவது உண்டா? மழை மேகத்துக்குள்ள போய் நனைஞ்சிண்டு வர கருவிகளையெல்லாம் இதை வெச்சுத் திருத்தலாம் கேட்டியா. புட்டு ஒண்ணும் வீணாப் போகலை. அன்னிக்கு அந்தச் சபையிலேயே இதையும் சொல்லியிருக்கணும், எல்லாரும் சிரிச்ச சிரிப்புல எனக்கு வாய் வரலை. அது என் தப்பு.”

காகிதத்தைப் பார்த்தேன். காண்டீனில் புட்டு அவித்த நாள், அடுப்பு பற்றவைத்த நேரம், ஆவி வந்த திசை எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. மூன்று வாரமாக உட்கார்ந்து என் அவமானத்தை ஓர் அத்தியாயமாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே மானேஜர் அறைக்குப் போனேன். அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை, அது தனிக்கதை.

குழு வந்த நாள். நான்கு மாணவர்களும் சலவைச் சட்டையில் வரிசையாக நின்றோம். குழுத்தலைவர் உயரமான, சிரிப்பே இல்லாத மனிதர். எங்களை எண்ணினார். நான்கு சரியாக இருந்ததில் அவருக்கு ஏமாற்றம் போல. “எண்ணிக்கை ஓகே. ஆனா இந்தத் துறையினால பொதுஜனத்துக்கு என்ன பிரயோஜனம்?” என்று அரைத் தமிழில் கேட்டார். துறைத்தலைவர் நாற்பது ஸ்லைடு காட்டினார். குழுத்தலைவர் அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார்.

பேச்சை மாற்ற, எல்லோரையும் மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனோம். குழுத்தலைவருக்குப் பொன்னாடை போர்த்தி, பலூனை அவர் கையாலேயே விடவைப்பதாக ஏற்பாடு. பச்சையில் தங்கக்கரை போட்ட நல்ல ஆடை. துறைத்தலைவர் போர்த்தினார், நான் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். அவர் விட்டார். பலூன் கிளம்பியது. கருவிப்பெட்டியின் கொக்கி பொன்னாடையின் குஞ்சலத்தில் மாட்டி, ஆடையும் கூடவே கிளம்பியது.

தோளிலிருந்து வழுக்கி, தலைக்கு மேல் விரிந்து, தங்கக்கரை பளபளக்க அது மேலே போன அழகைப் பார்க்க வேண்டுமே! துறைத்தலைவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இயற்பியல் துறை ஜன்னல்களில் எல்லாம் தலைகள். எங்கள் துறையின் ஆயுசு ஒரு குஞ்சலத்தில் தொங்கிக்கொண்டு போவதை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேச்சி ஒன்றும் நடக்காதது போலக் கையை உயர்த்தினார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள், அண்ணாந்து பார்த்தபடி நின்ற குழுத்தலைவர், என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், தானும் கையை உயர்த்தி, “போயிட்டு வா” என்றார்.

நாங்கள் நாலு பேரும் மூச்சைப் பிடித்தோம்.

“சார்” என்றார் சேச்சி மிகுந்த மரியாதையோடு. “சொன்னவாதான் தேடணும்.”

“எந்தா?”

சேச்சி விளக்கினார். துறைத்தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். குழுத்தலைவர் சேச்சியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், சும்மா கிடந்த தன் தோளைத் தடவிப் பார்த்தார். “ஜீப்பு உண்டோ?” என்று கேட்டார்.

ஜீப்பில் எட்டு பேர். குழுத்தலைவர் முன்னால், நாங்கள் பின்னால் ஒருவர் மடியில் ஒருவர். வித்துராவைத் தாண்டவில்லை, அதற்குள் சேச்சியின் போன் அடித்தது. லேபிளைப் பார்த்துக் கூப்பிட்டது போணக்காடு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் ஒரு பெண். மலையேறிப் போனோம். தூறல். தேயிலைப் பாத்திக்கு நடுவில் அந்தப் பெண், இடுப்பில் கூடை, தலையில் பச்சைப் பொன்னாடையை முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். கக்கத்தில் பெட்டி.

“எம்மா, வந்துட்டியளா!” என்று சேச்சியைப் பார்த்துச் சிரித்தாள். “எப்பவும் டப்பாதான் அனுப்புவிய. இந்தத் தடவ சால்வையும் சேத்து அனுப்பிருக்கிய!”

அவளுக்கு இது மூன்றாவது பெட்டியாம். முதல் இரண்டுக்கும் சேச்சி நேரில் வந்து, தோட்டத்து லயத்து வீட்டில் பாலில்லாத கட்டஞ்சாயா குடித்து, மேலே எவ்வளவு குளிர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தன்னைச் சாக்கில் கட்டி பலூனில் தொங்கவிட்டால் எவ்வளவு உயரம் போகலாம் என்று அவள் மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம்.

குழுத்தலைவர் தொண்டையைச் செருமினார். வந்த வேலையை மறக்காத மனிதர். “இந்தத் துறையினால உங்களுக்கு என்ன பிரயோஜனம்?” என்று அவளிடமே கேட்டார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தலையிலிருந்த பொன்னாடையைத் தொட்டுக் காட்டினாள். “நல்ல கதகதன்னு இருக்குல்லா சார்.”

முதலில் சிரித்தது குழுத்தலைவர்தான். சிரிக்கத் தெரியாதவர் சிரித்தால் நிறுத்தவும் தெரியாது போலிருக்கிறது. தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அட்டை ஒன்று அவர் காலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. பொன்னாடையை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றார். லயத்தில் எல்லோரும் கட்டஞ்சாயா குடித்தோம். திரும்பும்போது பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்த மரப்பெட்டியிலிருந்த கடிதங்களை மறுநாள் முழுக்க உட்கார்ந்து படித்தார். அவருடைய அறிக்கையில் எங்களைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது, துறை தனியாகவே நடக்கட்டும் என்று. அலமாரி அசையவில்லை.

என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் நனைந்த கருவி காயும் நேரம் பற்றியது. நன்றியுரையில் காண்டீன்காரர் பெயர் இருக்கிறது. சேச்சி பெயர் இல்லை, அடித்துவிட்டார்.

நான் அங்கேயே ஆசிரியரான சில வருஷங்களில் சேச்சி ஓய்வு பெற்றார். கரமனை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பூனாவில் மகளோடு போய் இருப்பதாக ஏற்பாடு. வழியனுப்பு விழா முடிந்து எல்லோரும் வாசலில் நின்றோம். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். குடையை ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார்.

“வர முடியுமோ என்னமோ, தெரியலையே” என்றார் மெதுவாக. “தெரியாம எப்படிச் சொல்றது?”

சொல்லாமலே படி இறங்கினார். அத்தனை வருஷத்தில் ஒரு பலூனைக்கூட அப்படி அனுப்பியதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டவரைப் பார்த்து, கையை உயர்த்தி, பலம் கொண்ட மட்டும் கத்தினேன். “போயிட்டு வாங்கோ!”

சேச்சி திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. குடையை என்னை நோக்கி ஆட்டி, “பைத்தியமே, மாட்டிண்டாயே!” என்றார்.

மாட்டிக்கொண்டேன்தான். ஆனால் போகவில்லை. முதலில் வகுப்பு, பிறகு ரேடார், பிறகு கல்யாணம், பிறகு எது என்று நினைவில்லை. விசேஷங்களுக்குப் போனில் பேசிக்கொள்வோம், அவரும் ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. மலர்க் குழு அந்தப் பத்தியை அடித்து, ‘தேவையா?’ என்று எழுதிய அன்றுதான் எனக்கு உறைத்தது. பென்சிலால் அடித்தவர்கள் மேல் கோபப்பட்டு என்ன பயன், நானும் அதையேதான் இத்தனை வருஷமும் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பூனாவுக்கு டிக்கெட் எடுத்தேன். பழைய லேபிள் ஒன்றைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகு போன் செய்து விலாசம் கேட்டேன்.

“என்னத்துக்கு?” என்றார் சேச்சி.

“நான்தானே சொன்னேன், சேச்சி. அப்ப நான்தான் தேடணும்.”

போனில் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. பிறகு அதே பழைய அதட்டல் வந்தது.

“நாலாம் மாடி. இத்தனை வருஷமாத் தொங்கிண்டிருக்கேன். சீக்கிரம் வந்து இறக்கு.”